விசுவாசமா, நற்செயலா?

(பொன்விழா முந்நாள் தியானத்தின் இரண்டாம் நாள் மாலை பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா மலருக்காக நன்கொடையாளர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பங்குப்பேரவைச் சகோதரர் ஒருவர் கேட்டார்: "சாமி, சிமெண்டு தந்தவங்க பேரு மேல வரணுமா, மின்விசிறி தந்தவங்க பேரு மேல வரணுமா?" அகர வரிசையில் போடச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. மோட்சத்திலும் இப்படியொரு பட்டியல் இருக்கிறது, அதில் நம் பெயர் எத்தனையாவது வரியில் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் நமக்கு மீட்பு என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். மறைக்கல்வியில் படித்தது ஒன்று, நெஞ்சுக்குள் வைத்திருந்தது வேறொன்று.

குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டு, வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். அங்கே ஒரு பாட்டி. முப்பது ஆண்டுகளாக விடியற்காலை கோவிலைக் கூட்டியவர். கூலி கிடையாது, யாரும் கேட்டுக்கொண்டதும் கிடையாது. அவர் படுத்த படுக்கையானபோது நற்கருணை கொண்டுபோனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, நான் செஞ்சது போதுமா?" என்று கேட்டார்.

நான் உடனே கணக்குச் சொல்ல ஆரம்பித்தேன். "முப்பது வருசம் கோவில் கூட்டினீங்க, தவறாம ஜெபமாலை சொன்னீங்க, இல்லாதவங்களுக்குக் கஞ்சி ஊத்துனீங்க, உங்களுக்கு இல்லாத மோட்சம் வேற யாருக்கு?" அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். முகம் இன்னும் இருண்டது. சற்று நேரம் கழித்து, "மருமகளை வீட்டை விட்டுத் துரத்துனேனே சாமி, அதை எந்தப் பக்கம் எழுதுவீங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கணக்கென்று தொடங்கியவன் நான்தானே. பற்று வரவு இரண்டும் கணக்கில் வருமல்லவா?

தலை குனிந்துதான் அறைக்குத் திரும்பினேன். அன்று இரவு புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தை எடுத்தேன். (இன்றைய விவிலியத்தில் பவுல் என்று அச்சிட்டிருக்கிறார்கள். என் வாயில் வருவது சின்னப்பர்தான், பெரியவர்கள் புரிந்துகொள்வார்கள்.) மூன்றாம் அதிகாரம் 28-ஆம் வசனத்தில், சட்டம் விதிக்கும் செயல்களால் அல்ல, விசுவாசத்தினாலேயே மனிதன் நீதிமானாகிறான் என்கிறார். எபேசியருக்கு எழுதும்போது இன்னும் தெளிவு: மீட்பு கடவுளின் கொடை, நம் செயலுக்குக் கிடைத்த கூலியன்று, ஆகவே எவனும் பெருமை பாராட்ட இடமில்லை.

"அது பிரிவினைச் சபையார் சொல்வதல்லவா?" என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1517-ல் மார்ட்டின் லுத்தர் குரல் எழுப்பியபோது, உரோமையில் புனித இராயப்பர் பேராலயம் எழுப்பப் பணம் திரட்டும் பொருட்டுப் பலன்களை விற்பனைச் சரக்குப்போல் கூவித் திரிந்தவர்கள் இருந்தார்கள். நம் பக்கத்துத் தவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. பின்னர் 1522-ல் வெளியிட்ட ஜெர்மன் மொழிபெயர்ப்பில், நான் சொன்ன அந்த உரோமையர் வசனத்தில் 'மட்டும்' என்ற சொல்லை லுத்தர் சேர்த்துக்கொண்டார். விவிலியத்தில் 'விசுவாசத்தினால் மட்டும்' என்ற தொடர் வருவது புனித யாகப்பர் திருமுகத்தில்தான், இரண்டாம் அதிகாரம், 24-ஆம் வசனம். அங்கேயோ 'மட்டும் அல்ல' என்று வருகிறது! திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1547 ஜனவரியில் இதைப் பற்றி நீண்ட தீர்ப்பு எழுதிற்று. நற்செயல் செய்து அந்த முதல் அருளை விலைக்கு வாங்கலாம் என்று அந்தச் சங்கம் எங்குமே சொல்லவில்லை. நம்மை முந்திக்கொண்டு வருவது இறைவனின் அருளே என்றுதான் சொன்னது. இதைக் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். பாட்டியின் கட்டிலருகே மறந்துபோனேன்.

நம் நாட்டிலும் இந்த வழக்கு நடந்தது. 1706-ல் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715-க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறிவிட்டது. நம் வீரமாமுனிவரோ, இந்த வட்டாரத்துக்குத் தாய்ப்பங்கு போன்ற காமநாயக்கன்பட்டியிலும் பணியாற்றியவர், தேம்பாவணி பாடிய அதே எழுத்தாணியால் தரங்கம்பாடியாருக்கு மறுப்பு நூல்களும் எழுதினார். சூடான எழுத்து. இன்று படித்தால் இரு பக்கத்தாருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். அந்தச் சூடு தணிய நெடுங்காலம் பிடித்தது. தரங்கம்பாடிப் புதிய ஏற்பாடு அச்சான 280 ஆண்டுகளுக்குப்பின், 1995-ல், நம்மவரும் அவர்களும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் வெளியாயிற்று. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. நம் தகுதியைக் கண்டு அல்ல, அருளினாலேயே இறைவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார். அந்த அருளே நம்மை நற்செயலுக்கு எழுப்புகிறது என்பது அதன் சாரம். 2006-ல் மெதடிஸ்தரும் 2017-ல் சீர்திருத்த சபையாரும் இதில் சேர்ந்துகொண்டனர். ஆகவே அடுத்த தெருத் தென்னிந்தியத் திருச்சபைச் சகோதரர் "விசுவாசத்தினால் மீட்பு" என்று சொன்னால் வாதத்துக்குக் கிளம்பாதீர்கள்.

திருவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது புதுமையே அல்ல. வைணவப் பெரியோர் வடகலை, தென்கலை என்று பிரிந்து நெடுங்காலம் வாதிட்ட பொருள்களுள் இதுவும் ஒன்று. குரங்குக் குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியைத் தாயே கவ்விச் செல்லும். மனிதன் இறைவனைப் பற்ற வேண்டுமா, இறைவன் அவனைக் கவ்விக்கொள்வாரா? செண்பகத்தோப்புக்குப் போகிறவர்கள் அந்தக் குரங்குத் தாயைக் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். அவர்கள் சமயமும் நம் சமயமும் வேறு. ஆனால் மனிதன் படுக்கையில் கிடந்து கேட்கும் கேள்வி ஒன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கு விளங்குவது கண்மாய் வழியாக. ஐப்பசி, கார்த்திகையில் செண்பகத்தோப்பு மலையில் மழை இறங்குகிறது. அந்த மழைக்கு நாம் விலை கொடுத்தோமா? வரத்துக்காலைச் செதுக்கியதற்குக் கூலியாகவா மேகம் திரண்டது? இல்லை. ஆனால் வரத்துக்கால் அடைந்து, கரை உடைந்து, மடை பழுதாகிக் கிடந்தால் பெய்த மழை வயலுக்கு வந்து சேராது. இன்னொன்றும் பாருங்கள். கண்மாய் நிரம்பிய பிறகும் வயலில் நாற்று இல்லையென்றால், அந்தத் தண்ணீரை நம்பினோம் என்று நாம் சொல்வதை யார் ஏற்பார்கள்? யாகப்பர் கேட்பது அதைத்தான். இந்த உவமை ஓரிடத்தில் நொண்டுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரத்துக்காலுக்குப் போக வேண்டும் என்ற மனமும் அருளே. மழை அந்த மனதைத் தராது, இறைவன் தருகிறார்.

பாட்டியிடம் மறுநாள் மீண்டும் போனேன். நேற்று நான் சொன்னது தப்பு என்று முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு நல்ல கள்ளனின் கதையைச் சொன்னேன். அவன் கோவில் கூட்டவில்லை, கஞ்சி ஊற்றவில்லை. கையும் காலும் ஆணியில் இருந்தன, இனி ஒரு நற்செயலும் செய்ய வழியில்லை. தன்னை நினைத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்டான், அவ்வளவுதான். பாட்டி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அப்போ நான் கூட்டுனதெல்லாம் வீணா சாமி?" என்றார். "வீணில்லம்மா. நீங்க கூலிக்காரியாக் கூட்டல. மகளாக் கூட்டுனீங்க. தகப்பன் வீட்டைக் கூட்டுனதுக்கு மகள் கணக்குக் கேப்பாளா?" என்றேன். அந்தப் பதிலை நானாக யோசித்துச் சொன்னதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை.

அவர் நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், "மருமகளுக்குச் சொல்லி விடுங்க" என்றார். கவனியுங்கள்: முந்தைய நாள், கணக்குப் பேசிய நேரத்தில், அந்த மருமகள் ஒரு கடனாக மட்டுமே நினைவுக்கு வந்தாள். மன்னிப்பு இலவசம் என்று கேட்டபிறகுதான் அவளை அழைக்கத் துணிவு வந்தது. மருமகள் இராஜபாளையத்தில் பஞ்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஷிப்டு முடித்துப் பஸ் பிடித்து இரவில் வந்தாள். நான் வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெகுநேரம் சத்தமே இல்லை, பிறகு ஒருத்தி அழுதாள், யார் என்றும் தெரியவில்லை. நான்காம் நாள் பாட்டி இறந்தார்.

பசித்தவனுக்குச் சோறு கொடுத்தாயா, சிறையில் இருந்தவனைப் பார்த்தாயா என்று நியாயத்தீர்வையில் ஆண்டவர் கேட்பதாக மத்தேயு 25-ஆம் அதிகாரம் சொல்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். கேட்கத்தான் போகிறார். ஆனால் அங்கே வலப்பக்கம் நிற்பவர்களைப் பாருங்கள்: "எப்போது செய்தோம்?" என்று திகைக்கிறார்கள். அவர்களிடம் பட்டியலே இல்லை.

நம் பட்டியலை நான் நிறுத்தப்போவதில்லை. கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வது மரியாதை. மலரின் கடைசிப் பக்கங்களில் அது வரும், அகர வரிசையில். கொடுக்க முடியாதவர்கள் இரண்டு பேர், பொன்விழாப் பூசைக்கு வரவே வெட்கமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னார்கள். அவர்கள் இங்கே இருக்கிறார்களா என்று நான் தேடிப் பார்க்கவில்லை. நாளை மாலை ஐந்து மணிக்கு வெளிப்பங்குகளிலிருந்து நான்கு குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்க வருகிறார்கள். பல ஆண்டாகக் கோவில் பக்கம் வராத அண்ணன், தம்பி, மாமியார், மருமகள் யார் வீட்டிலாவது இருந்தால், இன்று இரவே போய்ச் சொல்லிவிடுங்கள்.