உடைந்த ஓடுகள் கூறும் வரலாறு
(ஜமாஅத் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

பட்டு நெசவால் பெயர் பெற்ற பிள்ளையார்பாளையத்தில், உடைந்த பாத்திர ஓடுகளைப் பற்றிப் பேச முற்படுகின்றேன். தமிழகத்துத் துணிகள் கடல் கடந்து சென்றன; சீனத்துப் பாத்திரங்கள் இங்கே வந்தன. துணி மக்கி மறைந்தது. ஓடு நிலைத்து நிற்கின்றது.

1870களில் கால்டுவெல் அவர்கள், தாமிரபரணி முகத்துவாரத்தை அடுத்த பழையகாயலை ஆராய்ந்தார். மார்க்கோ போலோ குறிப்பிட்ட, அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய துறைமுகம் அது. வண்டல் படிந்து கடல் விலகவே அத்துறை அழிந்தது. சீனப் பீங்கான் துண்டுகளும் அரபு நாட்டு ஓடுகளும் அங்கே தரையெங்கும் சிதறிக் கிடந்தன. அரபு வணிகம் ஊராரின் நினைவில் இருந்தது. சீன வணிகத்தையோ அவர்கள் அடியோடு மறந்திருந்தனர். மக்கள் மறந்ததை மண் மறக்கவில்லை.

இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980களில் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வு நடத்தினர். 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் அங்கே கிடைத்தன. இவ்வூரே பழைய பவித்திரமாணிக்கப்பட்டினம் என்பர். அப்பட்டினத்துச் சோனகர் பள்ளிவாசலுக்குப் பாண்டிய மன்னர் இறையிலி நிலம் அளித்த செய்தியைத் திருப்புல்லாணிப் பெருமாள் கோயில் கல்வெட்டு இன்றும் காத்து வருகின்றது. எத்துணைப் பெருமைக்குரிய செய்தி இது!

ஓட்டின் காலத்தை எவ்வாறு அறிகின்றனர்? மேற்பூச்சின் நிறம், உள்மண்ணின் தன்மை, அடிவளையத்தின் அமைப்பு ஆகியவற்றால் அறிகின்றனர். புகை மிகுந்த சூளையில், பூச்சிலுள்ள சிறிதளவு இரும்பே பச்சை நிறம் தருகின்றது. சீனத்து லோங்சுவான் சூளைகள் இவ்வகைக்குப் புகழ் பெற்றவை.

எனினும், பீங்கான் கிடைத்த இடமெல்லாம் முஸ்லிம்கள் வாழ்ந்த இடம் என்று முடிவு கட்டுதல் தவறு. அதனைப் பலரும் வாங்கினர், பலரும் பயன்படுத்தினர். எந்த ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது என்பதே ஓட்டுக்குப் பொருள் தரும். இடம் மாறிய ஓடு வாய் மூடிய சாட்சியாகும்.

ஆகவே, வீட்டிற்கு அடித்தளம் தோண்டும்போதும், பள்ளிவாசல் திருப்பணியின்போதும் பழைய ஓடுகள் தென்பட்டால், குப்பையென்று வாரிக் கொட்டாதீர்கள். அழகுக்காக எடுத்துச் செல்லவும் வேண்டாம். வேலையைச் சற்று நிறுத்தி, இடத்தையும் ஆழத்தையும் குறித்து, தொல்லியல் துறையினருக்குத் தெரிவியுங்கள். நம் முன்னோரின் கதையை நாமே மண்வெட்டியால் அழித்துவிடலாகாது.