நர்ஸ் வாயைத் திறக்கப் பயந்தால் நோயாளிக்கு ஏது பாதுகாப்பு?

(காஞ்சிபுரம் நெசவாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



தறியில் பாவு இழை அறுந்தால் நாம் என்ன செய்கிறோம்? அங்கேயே நிறுத்தி, இழையை எடுத்துக் கட்டிவிட்டுத்தான் மறுபடி நெய்கிறோம். ஆனால் குறை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலியில் பிடிக்கிற முதலாளியிடம் வேலை செய்தால்? குறையை மறைத்துச் சேலையை மடித்துக் கொடுக்கத்தான் தோன்றும். சேலையானால் பட்டோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் போவது உயிர்.

2004-ல் அமெரிக்க சர்க்கார் நிறுவனம் ஒன்று ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கென ஒரு கேள்வித்தாள் தயாரித்தது. பிறகு பல நாடுகளிலும் நர்ஸ்களிடம் அதைக் கொடுத்துக் கேட்டார்கள். வார்டில் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிறீர்களா என்றால், ஆமாம் என்கிறார்கள். ஆள் போதுமா, தவறைச் சொன்னால் அது உங்கள் தலையிலேயே விழுமா என்று கேட்டால்தான் முகம் சுருங்குகிறது. பெரும்பாலான இடங்களில் மிக மோசமான பதில் இவ்விரண்டுக்கும்தான்.

நம் சாத்தூரைப் பாருங்கள். 2018 டிசம்பரில் அங்குள்ள சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது தெரியவந்தது. இரத்தம் வந்தது சிவகாசி சர்க்கார் இரத்த வங்கியிலிருந்து. எந்த மேலதிகாரியின் சோதனையிலாவது இது அகப்பட்டதா? இல்லை. இரத்தம் கொடுத்த இளைஞனே வேறொரு பரிசோதனையில் தன் நோயை அறிந்து, ஓடிவந்து சொன்னான். உடனே நடவடிக்கை பாய்ந்தது பரிசோதனைக்கூட ஊழியர் மூவர் மீது! ஏணியின் கீழ்ப்படிதானே முதலில் உதைபடும்?

கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. கரை நாடாவைப் போட இன்னொரு கை வேண்டும். இரத்தப் பையும் அப்படித்தான். பெயர், நம்பர், வகை மூன்றையும் இருவர் ஒத்துப் பார்க்க வேண்டும். இரவில் வார்டு முழுவதற்கும் ஒருத்தி நின்றால் இரண்டாவது கண்ணுக்கு எங்கே போவாள்? பொது ஆஸ்பத்திரியில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. இது வீண் கணக்கல்ல. ஒரு நர்ஸின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடக்கூட, ஆபரேஷன் ஆனவர் 30 நாளில் சாகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா ஆஸ்பத்திரிகளில் எண்ணிப் பார்த்து 2002-ல் எழுதினார்கள்.

இங்கே என்ன நடந்தது? 2015-ல் ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்கு காற்றில் போகவே, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். கொரோனா காலத்தில் சேர்த்த 2,000-க்கு மேற்பட்டோரை 2022 டிசம்பர் 31-ஓடு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவள், 'ஐயா, இந்த மருந்து மாறிவிட்டது' என்று எந்தத் தைரியத்தில் சொல்வாள்?

ஊசி போடத் தாமதமானால் நாமும் அவள் மீதுதான் பாய்கிறோம். ஆத்திரம் நியாயம்தான், விலாசம்தான் தப்பு. 2005-ன் தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் சங்கத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் மனுப் போடலாம்: நம் ஆஸ்பத்திரியில் வார்டுக்கு எத்தனை கட்டில், இரவில் எத்தனை நர்ஸ், காலியிடம் எத்தனை? மனு எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே இருங்கள்; உட்கார்ந்து எழுதுவோம்.