கூரத்துக் கணக்கு



நம் கூரத்துச் செப்பேடு ஒரு கணக்கேடும் ஆகும். 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் பரமேசுவரவர்மன் இங்கிருந்த கோயிலுக்காகப் பரமேசுவரமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தான். அதன் 25 பங்குகளுள் 20 மறையோர்க்கு. எஞ்சியவை வழிபாட்டிற்கும், மண்டபத்து நீர் நெருப்பிற்கும், பாரதம் படிப்பார்க்கும். மன்னன் புகழை வடமொழியில் விரித்த அவ்வேடு, செக்கையும் தறியையும் கணக்கிடத் தமிழையே நாடிற்று. உழைப்பின் மொழி தமிழன்றோ?

இன்று நிலை என்ன? காஞ்சிப் பட்டிற்குப் புவிசார் குறியீடு உண்டு, நெய்வார்தாம் அருகுகின்றனர். இளைஞர் திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குச் செல்கின்றனர். திங்கள்தோறும் தவறாத கூலியை நாடுவோரைப் பழியேன். ஆயின், கோர்வைப் பட்டு நெய்ய இருவர் வேண்டும். துணைக்கை அகன்றால் முதற்கையும் ஓய்கிறது. ஊரில் தலைகள் குறையாதிருப்பினும் தறிகள் குறைகின்றன. பாவு, ஊடை, தார் என்னும் சொற்களும் உடன் மறைகின்றன. வீட்டில் வழங்காத சொல்லை நான் வகுப்பில் எங்ஙனம் காப்பேன்?

தறியிழந்த தமிழ் அகரமுதலியில் மட்டுமே வாழும். ஆதலின், பட்டெடுப்போர் கைத்தறிதானா எனக் கேளுங்கள். நெய்தவர்க்குக் கிடைத்த கூலி எவ்வளவு என்றும் கேளுங்கள். கூலி உயர்ந்தால் தறி நிற்கும். தறி நின்றால் சொல் நிற்கும்.

வாழ்க தமிழ்!