புது மனையில் கொத்த எந்த மம்பட்டி?

(வானொலி உரை)

மதுரையைச் சுற்றி மனைகள் பெருகிவிட்டன. ஊமச்சிகுளம், நாகமலைப் புதுக்கோட்டை, ஒத்தக்கடை என்று எந்தப் பக்கம் போனாலும் புது வீடுகள்தான். வீடு கட்டியது போக ஒரு செண்ட் இடம் மிச்சமிருந்தால், அதில் நாலு கத்தரி, ரெண்டு முருங்கை, ஒரு பந்தல் அவரை போடலாமே என்று ஆசை வருவது நியாயம்தான். உடனே கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரிய மம்பட்டியாகப் பார்த்து வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கிவிடுகிறார்கள். மதியத்துக்குள் உள்ளங்கையில் கொப்புளம், இடுப்பில் பிடிப்பு. மம்பட்டி சுவரோரம் போய்விடுகிறது. தோட்டமும் அதோடு நின்றுபோகிறது.

இதிலே குறை ஆளிடம் இல்லை, கருவியில்தான். ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். ஒரு செண்ட் என்பது சுமார் 435 சதுர அடி. அதை ஒரு அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டினால் 435 கன அடி மண். எடை போட்டால் 15 டன்னுக்குக் குறையாது! அத்தனையையும் நம்ம உடம்புதான் புரட்டியாக வேண்டும். மம்பட்டி தேவைக்கு மேல் அரைக் கிலோ கனமாக இருந்தால், ஆயிரம் வெட்டுக்கு 500 கிலோ இரும்பை வீணாகத் தூக்குகிறோம். ஆகவே வாங்கும்போது விலையை மட்டும் பார்த்தால் போதாது. முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும், பிறகு நம்ம உடம்பைப் பார்க்க வேண்டும்.

மண்ணை எப்படிப் பார்ப்பது? நம் மாவட்டத்தில் மண் ஒரே மாதிரி இல்லை. திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல். மேலூர்ப் பக்கம் செம்மண், சில இடங்களில் சரளை. சோழவந்தான், வாடிப்பட்டிப் பகுதியில் வைகைக் கரையை ஒட்டி வண்டல். இது போக, புது மனைகளில் இன்னொரு வகையும் உண்டு. கிராவல் அடித்து மேடாக்கிய இடம். மேலே மண் மாதிரி தெரியும். உள்ளே செங்கல் துண்டும் கான்கிரீட் கட்டியும் கிடக்கும். அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால், இரவல் கடப்பாரை ஒன்றை வாங்கி, மனையில் மூன்று இடத்தில் ஒரு அடி ஆழம் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்குகிறதா, கல்லில் முட்டுகிறதா, களிமண்ணாக ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று தெரிந்துவிடும்.

வண்டலுக்கு மம்பட்டி ஒன்றே போதும். சரளைக்கும் கிராவல் அடித்த இடத்துக்கும் மம்பட்டியை முதலில் இறக்கக் கூடாது. வாய் மழுங்கிப் போகும். அங்கே கடப்பாரை, பிக்காசு இரண்டாலும் இளக்கிவிட்டு, பிறகு மம்பட்டியால் அள்ள வேண்டும். ஐந்தடி நீளமும் ஒரு அங்குலக் கனமும் உள்ள கடப்பாரை சுமார் 6 கிலோ வரும். வீட்டுத் தோட்டத்துக்கு அது போதும். ஒன்றேகால் அங்குலக் கனத்துக்குப் போனால் 9 கிலோவைத் தாண்டிவிடும். அது கூலிக்குக் கிணறு வெட்டுகிறவருக்கு ஏற்றது, நமக்கு வேண்டாம்.

கரிசலில் கருவியைவிடப் பதம்தான் முக்கியம். காய்ந்தால் கல், நனைந்தால் பசை. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். உதிர்ந்தால் பதம். அப்படியே அப்பிக்கொண்டால் இன்னும் ரெண்டு நாள் பொறுக்க வேண்டும். ஈரத்தில் மிதித்துக் கொத்தினால் கட்டி கட்டியாகக் காய்ந்து, அந்தப் பருவம் முழுக்கத் தொந்தரவு கொடுக்கும்.

வெகுநாள் சும்மா கிடந்த மனை என்றால் சீமைக் கருவேலம் இல்லாமல் இருக்காது. அதைத் தரைமட்டத்தில் வெட்டினால் மறுபடி தழைத்துவிடும். மம்பட்டியால் சுற்றிலும் மண்ணைப் பறித்து, வேர் பிரிகிற கழுத்துக்குக் கீழே கோடாரியால் வெட்டி, கடப்பாரை கொடுத்து நெம்பித் தூரோடு எடுக்க வேண்டும். காலில் கனமான செருப்பு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். முள் ஆழமாகக் குத்திவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டி, டி.டி. ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோரையும் அருகும் மண்டிய இடத்தில் மம்பட்டி போட்டால், ஒரு துண்டு பத்துத் துண்டாகி, பத்தும் முளைக்கும். அங்கே பல் வைத்த மண்வெட்டி வேண்டும். மண்ணை இளக்கிக் கிழங்கையும் வேரையும் முழுசாக வெளியே எடுக்க அதுதான் தோது.

இப்போது உடம்புக்கு வருவோம். மம்பட்டியை நிமிர்த்தித் தரையில் நிறுத்திப் பிடியுங்கள். கணையின் நுனி உங்கள் இடுப்பெலும்புக்கு வர வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் முதுகு வளையும். குட்டைப் பிடியால் வருகிற கெடுதல் சாதாரணமானதல்ல. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்துத் தோட்டத் தொழிலாளர்கள் குட்டைப் பிடி வைத்த களைக்கொத்தோடு நாள் முழுக்கக் குனிந்து நின்று முதுகு கெட்டுப்போய், நீதிமன்றம் வரை வழக்காடினார்கள். 1975இல் அந்தக் குட்டைக் கொத்துக்கே அங்கே தடை வந்தது. நம் ஊரில் எந்தச் சட்டமும் வராமலே, கணையை அரையடி நீட்டி வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுத் தோட்டத்தில் பாதிக்கு மேல் வேலை உங்கள் தலையில்தான் விழுகிறது. ஆனால் வீட்டில் இருப்பது ஆண்பிள்ளை அளவுக்கு வாங்கிய இரண்டு கிலோ மம்பட்டி. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒன்று, ஒன்றேகால் கிலோ எடையில் சின்ன வாய் மம்பட்டி தனியாக ஒன்று வாங்கச் சொல்லுங்கள். களையெடுக்கவும் உட்கார்ந்து கொத்த வேண்டியதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த நட்சத்திரக் களைக்கருவி இருக்கிறது. நீளப் பிடி, நின்றபடியே தள்ளி இழுக்கலாம்.

வாங்கும்போது மூன்று சோதனை செய்யுங்கள். ஒன்று, அலகை இரும்புக் கம்பியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, சத்தம் செத்து வந்தால் எங்கோ விரிசல். இரண்டு, கணை நுழைகிற துளை ஒழுங்காக இருக்கிறதா, ஒட்டு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று, கணை மரம். முடிச்சில்லாமல் நேராக ரேகை ஓடுகிற கருவேலமோ உசிலையோ நல்லது. பச்சை மரம் போட்டால் காய்ந்து சுருங்கி, கொத்தும்போது அலகு கழன்று பறக்கும். பக்கத்தில் நிற்கிற குழந்தைமேல் விழுந்தால் என்ன ஆகும்? ஆகவே கணை ஆடுகிற மம்பட்டியை ஒரு வெட்டுக்கூடப் போடாதீர்கள். ஆப்பு இறுக்கி, முதல் நாள் ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டால் மரம் உப்பிப் பிடித்துக்கொள்ளும்.

பக்கத்தில் கொல்லுப்பட்டறை இருந்தால் விட்டுவிடாதீர்கள். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி நமக்குத் தூரமில்லை. உங்கள் உயரத்தையும் மண்ணையும் சொன்னால், அதற்குத் தக்கபடி கொல்லர் அடித்துக் கொடுப்பார். வாய் தேய்ந்தாலும் காய்ச்சி அடித்துத் தோய்ச்சல் கொடுத்தால் மறுபடி புதுசு மாதிரி வேலை செய்யும்.

கடைசியாக, எவ்வளவு தோண்ட வேண்டும்? கீரைக்கும் கத்தரிக்கும் ஒரு அடி கொத்தினால் போதும். முருங்கைக்கு ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி. தென்னைக்கு மூன்று அடி. மொத்த மனையையும் ஒரே நாளில் புரட்ட வேண்டாம். நாளைக்கு ஒரு மணி நேரம், ஒரு பாத்தி. தோண்டுமுன் தண்ணீர்க் குழாயும் மின்சாரக் கேபிளும் எந்தப் பக்கம் போகிறது என்று கொத்தனாரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடி, ஆவணியில் ஒரு மழை பெய்து பதம் கிடைத்ததும் ஆரம்பித்தால், ஐப்பசி மழைக்கு முன்னால் பாத்தி தயாராகிவிடும்.

மண் பரிசோதனைக்கும் மற்ற சந்தேகங்களுக்கும், 1965இல் தொடங்கிய நம் மதுரை வேளாண்மைக் கல்லூரி வளாகத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஒத்தக்கடையைத் தாண்டியதும் வந்துவிடும். போய்க் கேளுங்கள்.

ஒரு மம்பட்டி, ஒரு கடப்பாரை, ஒரு களைக்கொத்து, ஒரு இரும்புச் சட்டி. ஒரு செண்ட் தோட்டத்துக்கு முதல் வருஷம் இது போதும். மற்றதெல்லாம் மண் கேட்டால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.