எங்கள் வீட்டு மழலை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் கற்றறிந்த பெரியோர்கள் திருக்குறளைப் பற்றியும் சிலப்பதிகாரத்தைப் பற்றியும் பேசி வந்திருக்கிறார்கள். இவ்வாண்டு, பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் குமாஸ்தாவாகச் சம்பளப் பட்டியல் எழுதுகிற எங்களைப் பேசுமாறு செயலாளர் பணித்தார். எங்களுக்குத் தெரிந்தது பட்டியல் ஒன்றே என்றோம். "உங்கள் வீட்டுக் குழந்தையைப் பற்றிப் பேசுங்கள், போதும்" என்றார். ஆகவே துணிந்தோம். "நாங்கள்" என்று யாம் சொல்லுமிடமெல்லாம் எம் இல்லாளையும் சேர்த்தே சொல்கிறோம். குழந்தையை வளர்த்தவர் அவர். பதிவேட்டில் எழுதி வைத்தவர் மட்டுமே யாம்.

மணமாகிப் 11 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலையில், இந்தக் கரக்பூரில் எங்களுக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. அத்தனை ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்குக் குழந்தையின் ஒவ்வோர் அசைவும் ஒரு விழாவன்றோ? அலுவலகத்தில் பயன்படாது ஒதுக்கிய பழைய பதிவேடு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டம் போட்டோம். எடை, உயரம், பல், நடை, தடுப்பூசி, பேச்சு என ஆறு கட்டங்கள். பிறந்தபோது 2 கிலோ 700 கிராம். 5ஆம் மாத முடிவில் அது இருமடங்காயிற்று. ஓராண்டு நிறைவில் 8 கிலோ 200, அதாவது மும்மடங்குக்குச் சற்று மேல். 49 சென்டிமீட்டர் நீளம் 74 ஆயிற்று. தாய் சேய் நல அட்டையில் அங்கன்வாடி அம்மையார் இட்ட புள்ளிகளும் எங்கள் பதிவேடும் ஒத்துப்போயின. கணக்கு நேராக இருந்தால் எங்களுக்கு உறக்கம் நன்றாக வரும்.

நம் சங்க நூலகத்தில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் இருக்கிறது. குமரகுருபரர் பாடியது. அதனை முழுதும் பொருள் உணர்ந்து படிக்கும் புலமை எங்களுக்கில்லை. ஆயினும் பருவங்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டோம். இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடுவது செங்கீரை. அதனை 5ஆம் திங்களுக்கு உரியதென்று வகுத்தார்கள். கை கொட்டுவது சப்பாணி. அது 9ஆம் திங்களுக்கு உரியது. இக்காலத்து மருத்துவ அட்டையில் போட்டிருக்கும் படங்களைப் பார்த்தால், நம் புலவர்களும் தொட்டிலருகே அமர்ந்து பார்த்தவர்களே என்று தோன்றுகிறது. எங்கள் மகனும் அந்தந்தத் திங்களில் அந்தந்தச் செயலைச் செய்தான். சப்பாணி மட்டும் பத்து நாள் தாமதம். நம் வண்டிகளோடு ஒப்பிட்டால் அது தாமதமே அன்று.

விழாக்களைச் சொல்ல வேண்டும். அடுத்த குவார்ட்டர்ஸில் வாழும் வங்காளத்து அம்மையாரைக் காலனிக் குழந்தைகள் யாவரும் மாசிமா என்றே அழைப்பர். ஆண் குழந்தைக்கு 6ஆம் மாதத்தில் முதற் சோறு ஊட்டுவது அவர்கள் வழக்கம். "இந்த ஊரில் பிறந்தவனுக்கு இந்த ஊர் முறையும் வேண்டும்" என்று அவரே நாள் குறித்தார். அவர்களுக்குப் பௌஷ மாதம் ஆகாது. நமக்கு மார்கழி ஆகாது. இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதம். ஆகவே டிசம்பர் முதல் வாரத்திலேயே நடத்தினோம். தாய்மாமன் பாயசம் ஊட்ட வேண்டும் என்றார்கள். தாய்மாமனோ திருச்சியில் விடுப்பின்றி இருந்தார். மாசிமாவின் மகன் மாமனாக அமர்ந்தார். தட்டில் மண்ணும், எழுதுகோலும், புத்தகமும், காசும் வைத்து எதைத் தொடுகிறான் என்று பார்த்தோம். அவன் தட்டையே கவிழ்த்தான். அதற்கு என்ன பலன் என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை.

2023 மே மாதம், 11ஆம் மாதத்தில், ஊருக்குச் சென்று சமயபுரத்தில் முடி இறக்கிக் காது குத்தினோம். இங்கிருந்து 1500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். தனிப் படுக்கை கேளாவிட்டால் 5 வயது வரை குழந்தைக்குச் சீட்டுத் தேவையில்லை என்பது இரயில்வே விதி. சீட்டில்லாத அந்தப் பயணிதான் பெட்டி முழுவதையும் உறங்கவிடாமல் செய்தவன். இம்முறை உண்மையான மாமன் மடியிலேயே அமர்ந்து காது குத்திக்கொண்டான். இலால்குடியிலிருந்து வந்திருந்த எங்கள் தாயார் கடுக்கனைத் தொட்டுத் தொட்டு மகிழ்ந்தார். அக்காதுகளில் ஒலி சரியாகப் புகுமா என்று அன்று எங்களில் ஒருவரும் எண்ணவில்லை.

13ஆம் மாதம் நடந்தான். எங்கே நடந்தான் தெரியுமா? நம் நிலையத்து மேடையில்! 1072 மீட்டர் நீளமுள்ள அந்த மேடை ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்றிருந்தது. 2013இல் கோரக்பூரும், 2023இல் ஹூப்ளியும் அதனை முந்திவிட்டன. ஹூப்ளி மேடை 1507 மீட்டராம். எனினும் ஓராண்டுக் குழந்தை தள்ளாடி நடந்து விழுந்து எழுவதற்கு 1072 மீட்டர் போதாதா? அன்று அவன் நடந்தது ஏழு அடி. பதிவேட்டில் ஏழு என்றே எழுதினோம்.

இவ்வாறு ஐந்து கட்டங்கள் நிரம்பிக்கொண்டே வந்தன. ஆறாவது கட்டம் நிரம்பவில்லை. ஓராண்டையொட்டி ஒன்றிரண்டு சொற்கள் வரும் என்றும், இரண்டாண்டில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லும் என்றும் அட்டையில் இருக்கிறது. 2024 ஜூலையில் இரண்டாம் பிறந்த நாள் வந்தது. கேக் வெட்டினோம், மாசிமா பாயேஷ் கொண்டு வந்தார், நாங்கள் பாயசம் செய்திருந்தோம். பெயர் இரண்டாயினும் பண்டம் ஒன்றே. குழந்தை சிரித்தான், கை தட்டினான், ஓடினான். ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் கைப்பேசித் திரையில் எங்கள் தாயார், "அப்பாயி சொல்லு, ராசா" என்று கெஞ்சுவார். இவன் அவர் வாயையே உற்றுப் பார்ப்பான். அப்படிப் பார்ப்பதன் பொருள் அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

காது கேளாதோ என்று ஒருமுறை இல்லாள் கேட்டதுண்டு. யாம் நகைத்தோம். வண்டி ஊதினால் வாசலுக்கு ஓடுகிறான்; தட்டு விழுந்தால் திடுக்கிடுகிறான்; இவனுக்கா காது கேளாது? இரயில்வேக்காரன் மகனுக்கு எஞ்சின் ஊதலே காதுப் பரிசோதனை என்று பெருமையாகச் சொன்னோம். அந்தச் சொல்லுக்காக இன்றும் நாணுகிறோம்.

பின்னர் ஆலோசனைகள் தொடங்கின. ஒரு பாலர் பள்ளியில் சேர்க்கச் சென்றபோது, "வீட்டில் தமிழ், அண்டையில் வங்காளம், எதிர் வீட்டில் தெலுங்கு, கடையில் இந்தி, குழந்தை குழம்பிவிட்டது, இனி வீட்டில் இந்தி ஒன்றே பேசுங்கள்" என்றார்கள். உறவினர் சிலரும் ஆமோதித்தனர். நாங்களும் பணிந்தோம். ஆகஸ்டு முதல் நவம்பர் வரை எங்கள் வீட்டில் இந்தி. எம் இல்லாளுக்குத் தெரிந்த இந்தி காய்கறி விலை பேசும் இந்தி. அம்மொழியில் கத்தரிக்காயை வாங்கலாம். குழந்தையைக் கொஞ்ச இயலுமா? கோபம் வந்தால் திட்டச் சொல் கிடையாது. அன்பு வந்தால் அழைக்கச் சொல் கிடையாது. சிறிது சிறிதாக அவர் பேசுவதே குறைந்தது. தாலாட்டு நின்றது. முன்பு குழந்தை ஒருவன்தான் பேசாதிருந்தான். இப்போது மூவரும் பேசாதிருந்தோம். அந்த நான்கு மாதங்களை நினைத்தால் இம்மேடையில் நிற்கவும் கூசுகிறது. தமிழ்ச் சங்க உறுப்பினர் என்று அட்டை வைத்திருந்தவர்கள் வீட்டில்தான் இது நடந்தது.

உண்மையைக் கண்டுபிடித்தவர் மாசிமா. ஒருநாள் குழந்தை அவர் வீட்டில் தரையில் அமர்ந்து பெட்டி வண்டி உருட்டிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து அவர் மெல்ல அழைத்தார், திரும்பவில்லை. பக்கத்தில் வந்து அழைத்தார்; திரும்பவில்லை. முன்னே வந்து முகம் காட்டியதும் சிரித்தான். மாலையில் வாசலில் நிறுத்தி எங்களிடம் சொன்னார்: "இவன் காதால் கேட்கவில்லை, உங்கள் முகத்தால் கேட்கிறான்."

மறுவாரம் கொல்கத்தாவுக்குச் சென்றோம். குழந்தையை உறங்க வைத்துத் தலையில் கம்பிகளை ஒட்டி, காதில் சிறு அடைப்பான் வைத்து ஒலி செலுத்திப் பார்த்தார்கள். முடிவு வரும் வரையில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. செவி நரம்பில் குறையில்லை. செவிப்பறைக்குப் பின்னே நீர் தேங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு இது வருவதுண்டாம். மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் சிறு குழந்தைக்குக் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால் நீர் வடியாமல் நின்றுவிடுகிறது. நீருக்குள் மூழ்கியவனுக்குக் கரையில் பேசுவது எப்படிக் கேட்குமோ அப்படித்தான் இவனுக்கு நம் பேச்சுக் கேட்டிருக்கிறது. எஞ்சின் ஊதல் கேட்கும். தாயின் தாலாட்டுக் கேட்காது.

தாய்மார்கள் குறித்துக்கொள்ளத் தக்க சிலவற்றை அவர் சொன்னார். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவியைப் பரிசோதித்துவிட வேண்டும். அதில் தேறிய குழந்தைக்கும் பின்னர் இந்நீர் தேங்கக்கூடும். ஆகையால் பேச்சுப் பிந்தினால் வேறு காரணம் தேடுமுன் மறுபடியும் செவியைப் பார்க்க வேண்டும். படுக்க வைத்துப் புட்டிப்பால் கொடுக்கலாகாது. வீட்டில் புகை கூடாது. இதனைச் சொன்னபோது மருத்துவர் எம் சட்டைப் பையை நோக்கினார். சிகரெட்டுப் பெட்டி அன்று மாலையே ஹௌரா நிலையத்துக் குப்பைத் தொட்டியில் விழுந்தது.

"வீட்டில் எம்மொழி பேசுகிறீர்கள்?" என்று கேட்டார். அறிவுரைப்படி இந்தி ஒன்றே பேசுகிறோம் என்றோம், ஏதோ நற்சான்று எதிர்பார்ப்பவர்கள் போல. அவர் எழுதுவதை நிறுத்தினார். இரண்டு மொழி கேட்பதால் எந்தக் குழந்தையும் ஊமையாவதில்லை. உங்களுக்கு நன்றாக வருகிற மொழியில், அருகில் சென்று, முகம் பார்த்து, நிறையப் பேசுங்கள். மூன்று மாதம் பார்ப்போம், பெரும்பாலும் நீர் தானே வடியும், வடியாவிட்டால் சிறு குழாய் வைக்கலாம் என்றார்.

அன்றிரவு கரக்பூர் வந்து சேர்ந்தபோது மணி 10. இல்லாள் குழந்தையை மடியில் கிடத்தி, அவன் காதோடு வாய் வைத்துத் தாலாட்டினார். நான்கு மாதம் அடைத்து வைத்திருந்த பாட்டெல்லாம் அன்று வெளிவந்தன. நடுநடுவே அழுதார். யாம் அடுக்களையில் பாலைக் காய்ச்சுவது போல நின்றுகொண்டிருந்தோம்.

2025 மார்ச்சில் மறு பரிசோதனை. ஒரு செவி முற்றும் தெளிந்துவிட்டது. மற்றதில் சிறிது மிச்சம். அதற்கு முன்பே, பிப்ரவரி 16ஆம் நாள் பகலில், தயிர்ச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த தாயின் கையைத் தள்ளி அவன் முதற்சொல்லைச் சொல்லிவிட்டான். அது அம்மாவும் அன்று, அப்பாவும் அன்று. "போதும்" என்பதே அது. இல்லாள் மகிழ்ச்சியில் மேலும் இரண்டு பிடி ஊட்டிவிட்டார். ஆறாம் கட்டத்தில் "போதும்" என்று எழுதித் தேதியிட்டு, அலுவலக வழக்கப்படி இருவரும் கையொப்பமிட்டோம்.

அதன்பின் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, வரிசையாக வரவில்லை. சோறு தமிழில், தண்ணீர் வங்காளத்தில் "ஜோல்." நிலவு மட்டும் யாருக்கும் சண்டையின்றி மாமன், வங்காளியும் தெலுங்கரும் நாமும் அதனை மாமன் என்றே அழைக்கிறோம் அல்லவா? ஒரு ஞாயிறன்று கைப்பேசித் திரையைப் பார்த்து, "அப்பாயி, எஷோ" என்றான். எங்கள் தாயார், "என்னடா சொல்றான்?" என்று பதறினார். "வா என்கிறான், அம்மா" என்றோம். சற்று நேரம் அப்பக்கம் ஒலியே இல்லை. பிறகு, "பெட்டியைக் கட்டுறேன்" என்றார்.

வந்து இரண்டு மாதமாகிறது. 74 வயதில் தனியே வண்டியேறி வந்தவர் அதோ மூன்றாம் வரிசையில் மாசிமாவுக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். அவர் தமிழில் கதை சொல்கிறார். பேரன் வங்காளத்தில் வினாத் தொடுக்கிறான். விடை தெரியாதபோது இருவரும் மாசிமாவைப் பார்க்கிறார்கள். இப்போது அவன் அப்பாயி மடியில் உறங்குகிறான். ஆகவேதான் ஒலிபெருக்கிக்காரரிடம் சற்றுத் தாழ்த்தி வைக்கச் சொன்னோம். வரும் பிப்ரவரியில் இன்னொரு முறை செவியைப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் அதற்கொரு புதிய கட்டம் போட்டிருக்கிறோம்.

செயலாளர் மணியைத் தொட்டுவிட்டார். அடுத்துச் சிறுவர் நாடகம். அமர்கிறோம்.