‘ஃபார்மட் செய்யவா?’ என்று கணினி கேட்டால்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பென் டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ கெட்டுப்போனால் உள்ளே இருந்தது திரும்பக் கிடைக்குமா என்பதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பல நேரங்களில் கிடைக்கும். ஆனால் கெட்டது தெரிந்த முதல் பத்து நிமிடத்தில் நாம் எதைத் தொடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கிடைக்கும்.

நம் பிளாக் வாசலில் எந்த வீட்டில் யார் என்று பெயர்ப்பலகை இருக்கிறதல்லவா? அது உடைந்துவிட்டால் கூரியர் பையன் திணறுவான். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் எங்கேயும் போய்விடவில்லை. டிஸ்க்கிலும் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று ஓர் அட்டவணை உண்டு. மின்சாரம் திடீரென்று நின்றாலோ, பென் டிரைவைப் பாதியில் பிடுங்கினாலோ அந்த அட்டவணை சிதையலாம். அப்போதுதான் விண்டோஸ், ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்கிறது. உள்ளே உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

அந்த நேரத்தில் செய்யக் கூடாதவை மூன்று.

ஒன்று, ஃபார்மட் பொத்தானை அழுத்தாதீர்கள். ‘குயிக் ஃபார்மட்’ புதிய வெற்றுப் பலகையை மாட்டுவது போல. சாதாரண ஹார்ட் டிஸ்க் என்றால் அதற்குப் பிறகும் மீட்க வழி உண்டு. குயிக் என்ற டிக் குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டிஸ்க் முழுவதும் பூஜ்யங்கள் எழுதப்படுகின்றன. பிறகு மீட்க எதுவும் மிஞ்சாது.

இரண்டு, ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’, செக் டிஸ்க் போன்றவற்றை உடனே ஓடவிடாதீர்கள். அட்டவணையை ஒழுங்குபடுத்துவதுதான் அவற்றின் வேலை. உங்கள் ஃபைல் பத்திரமாக இருக்க வேண்டும் என்பது அவற்றுக்குக் கவலை இல்லை. இடம் தெரியாத துண்டுகளை ‘ஃபவுண்ட்’ என்ற ஃபோல்டரில், பெயர் இல்லாமல் எண் போட்டுக் குவித்துவிடும்.

மூன்று, அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். மீட்பு மென்பொருளை அதிலேயே நிறுவுவதும், மீட்ட ஃபைல்களை அதிலேயே சேமிப்பதும் கூடாது. பழைய குடித்தனக்காரர் உள்ளே இருக்கும்போதே புதியவரைக் குடிவைப்பது போன்றது அது.

அடுத்து, டிஸ்க்குக்கு என்ன நோய் என்று பார்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டிக்... டிக்...’ என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். தகட்டைப் படிக்கும் முனை பழுதாகியிருக்கலாம்; ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தகடு கீறுபடலாம். தட்டிப் பார்ப்பது, ஃப்ரீசரில் வைப்பது எல்லாம் வேண்டாம். கடை மேஜையில் வைத்துத் திறக்கவும் சம்மதிக்காதீர்கள். தூசி இல்லாத அறை வசதி உள்ள மீட்பு நிலையத்தில்தான் திறக்க வேண்டும். எவ்வளவு ஆகும், ஃபைல் கிடைக்காவிட்டால் எவ்வளவு தர வேண்டும் என்று முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். உள்ளே வங்கி விவரமும் ஆதார் நகலும் இருந்தால் யாரிடம் கொடுக்கிறோம் என்பதையும் யோசியுங்கள்.

சத்தம் இல்லை, கணினிக்கு டிஸ்க் தெரிகிறது என்றால் வீட்டிலேயே முயலலாம். முதலில் டிஸ்க் முழுவதையும் இன்னொரு பெரிய டிஸ்க்கில் அப்படியே படி எடுக்க வேண்டும். லினக்ஸில் ‘டிடி ரெஸ்க்யூ’ என்ற இலவசக் கருவி இதற்கு உண்டு. நன்றாக உள்ள பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். பிறகு அந்தப் படியில்தான் வேலை பார்க்க வேண்டும்.

சிதைந்த அட்டவணையைச் சரிசெய்ய ‘டெஸ்ட் டிஸ்க்’ உதவும். அது பலிக்காவிட்டால் ‘ஃபோட்டோ ரெக்’. இரண்டும் இலவசம். ஃபோட்டோ ரெக் அட்டவணையையே பார்க்காது. படத்துக்கும் பிடிஎஃப்புக்கும் தொடக்கத்தில் தனி அடையாளம் இருக்கும்; அதை வைத்துத் தேடி எடுக்கும். படங்கள் கிடைக்கும், பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது. எண் போட்ட ஆயிரக்கணக்கான படங்களில் கல்யாணப் படங்களைப் பொறுமையாகத் தேட வேண்டியதுதான்.

புது லேப்டாப்களில் உள்ள எஸ்எஸ்டி விஷயம் வேறு. அழித்த ஃபைலின் இடத்தை எஸ்எஸ்டி தானாகவே காலிசெய்துவிடும். இதற்கு ‘ட்ரிம்’ என்று பெயர். விண்டோஸ் 7 முதல் உண்டு. அதில் ஃபார்மட் கொடுத்தால் மீட்பது அநேகமாக நடக்காது. பிட்லாக்கர் பூட்டு உள்ள கணினி என்றால், 48 இலக்க மீட்பு எண்ணை இன்றைக்கே தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். பூட்டிய டிஸ்க் பழுதானால் அந்த எண் இல்லாமல் மீட்பது மிகவும் சிரமம்.

இனி நம் சங்கத்துக்கு வருகிறேன். பராமரிப்புக் கணக்கு, பொதுக்குழுத் தீர்மானங்கள், கார் நிறுத்த ஒதுக்கீடு, லிஃப்ட் ஒப்பந்தம், கார்பஸ் நிதி வைப்பு விவரம் எல்லாம் அலுவலகக் கணினி ஒன்றில் இருக்கின்றன. அதன் நகல் உள்ள டிஸ்க் எந்நேரமும் அதே கணினியில் செருகியே இருக்கிறது. ஒரு மின்னழுத்த ஏற்றம், ஒரு வைரஸ் போதும், இரண்டும் சேர்ந்தே போகும். பிறகு யார் எவ்வளவு பாக்கி என்பதற்கு வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுவதைத் தவிர வேறு ஆதாரம் நம்மிடம் இருக்காது.

ஆகவே நிர்வாகக் குழுவுக்கு ஒரு கோரிக்கை. மாதக் கணக்கு முடிந்ததும் டிஸ்க்கில் நகல் எடுத்து, கழற்றி, பொருளாளர் வீட்டு பீரோவில் வைக்க வேண்டும். இன்னொரு நகல் இணையச் சேமிப்பில் இருக்கட்டும். ஆனால் அந்தக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். பொறுப்பாளர் மாறினால் கடவுச்சொல்லும் கைமாற வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நகல்களையும் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நம்பி இருக்க முடியாது. இதை இன்றே தீர்மானமாகப் பதிவுசெய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் ஏதாவது டிஸ்க் தகராறு செய்தால், எதையும் அழுத்தாமல் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் சொல்லுங்கள். முடிந்த உதவியைச் செய்கிறேன்.