நுண்ணுயிர் மணிகளுக்கு உறுதி தேடி



விஹார், பவாய் ஏரிகளின் வழிந்தோடும் நீரில் தோன்றும் மித்தி ஆறு, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, நாம் கூடியுள்ள இந்த மாஹிமில் கடலோடு கலக்கிறது. நகரின் வீட்டுக் கழிவும் பட்டறைக் கழிவும் வழியெல்லாம் அதில் சேருகின்றன. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, இவ்வாற்றை நாம் எந்நிலையில் வைத்திருந்தோம் என்பது வெளிப்பட்டது.

கழிவை உண்ணும் பாக்டீரியாக்கள் நீரோடு அடித்துச் செல்லப்படாமல், அவற்றை ஜெல் மணிகளுக்குள் அடைத்து வைப்பது ஒரு முறை. சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் பாக்டீரியாவைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால், ஜவ்வரிசி போன்ற மணிகள் உடனே திரளும். ஆல்ஜினேட்டுக்கு மூலப்பொருளான கட்டக்கோரைப் பாசி நம் மண்டபம் கடற்பகுதியில் விளைவது.

ஆனால் இம்மணியைக் கட்டிப் பிடித்திருப்பது கால்சியமே. கழிவுநீரிலுள்ள பாஸ்பேட் அதைக் கவர்ந்துகொள்ளும். கடல்நீரின் சோடியம் அதன் இடத்தைப் பறிக்கும். மாஹிமில் இரண்டும் உண்டு. ஓதம் ஏறும்போது உப்புநீர் உள்ளே வருகிறது. மணி ஊதி, இளகி, காற்றூட்டும் தொட்டியின் அலைப்பில் சிதைகிறது.

மாற்று வழிகள் பல. பேரியம் இன்னும் இறுகப் பிடிக்கும். எனினும் கரையும் பேரியம் நஞ்சு. குளூட்டரால்டிஹைடு மணியை வலுவாக்கும், உள்ளிருக்கும் பாக்டீரியாவையும் கொன்றுவிடக்கூடும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானால் மேற்பூச்சு இடுவது மென்மையான வழி. பூச்சு தடித்தால் ஆக்சிஜன் உட்புக இயலாது என்பதையும் மறக்கலாகாது.

பாலிவினைல் ஆல்கஹால் வேறு வகை. இந்நகரின் ஆலைகள் பாவு நூலுக்குக் கஞ்சியிடப் பயன்படுத்திய பொருள்தான் அது. போரிக் அமிலத்தில் இட்டால் ரப்பர் போன்ற மணி கிடைக்கும். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கச் சிறிது ஆல்ஜினேட் சேர்ப்பர். அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால் பாக்டீரியா வாடும் என்பதால், விரைவில் எடுத்துப் பாஸ்பேட் கரைசலில் இட்டு இறுக்குவதும் உண்டு. அங்கே பகையான பாஸ்பேட் இங்கே துணையாகிறது!

நான் பொருளியல் பயின்றவன். வேதியியலில் உங்களைப் போல் மாணவனே. எனினும் ஒன்று சொல்வேன். ஒப்பந்தப்புள்ளிகளில் மணியின் விலையைக் கிலோவுக்கு இவ்வளவு என்று கேட்கிறோம். அதை அது உழைக்கும் நாட்களால் வகுத்துப் பார்த்தால், மலிவானதே விலை மிகுந்ததாக மாறக்கூடும். அந்நாட்களையும் ஆய்வுக்கூடத்துத் தூய நீரில் எண்ணிப் பயனில்லை. ஓதம் ஏறிய வேளையில் எடுத்த மித்தி நீரில், காற்றூட்டியபடியே, வாரந்தோறும் மணிகளை நிறுத்துக் குறித்து வரவேண்டும். அதற்கு ஒரு தராசும் பொறுமையுள்ள இரண்டு மாணவர்களும் போதும்.